தேர்ச்சிக் கணக்கும் நம் பிள்ளைகளும்

(காரைக்கால்மேட்டில் நம் சங்கத்தார் கூட்டிய கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். கல்வியின் பெருமையைத் தமிழாசிரியன் எடுத்துரைத்தால் நீங்கள் தலையசைத்துக் கேட்பீர்கள், வலையெடுக்கும்போது மறந்துவிடுவீர்கள். ஆதலின் பெருமையை விடுத்துக் கணக்கையே பேசத் துணிந்தேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்தவுடன், கரையோரத்து அரசாங்கப் பள்ளி பின்தங்கிவிட்டது, தனியார் பள்ளி முன்னிற்கிறது என்னும் பேச்சு எழுகின்றது. 200 பேர் எழுதும் பள்ளியில் ஒருவன் தவறினால் விழுக்காட்டில் அரையே குறையும். 20 பேர் எழுதும் சிறு பள்ளியிலோ ஒருவன் தவற 5 குறையும். நால்வர் தவற, நூறு எண்பதாகிவிடும்.

அந்நால்வரும் அறிவிலிகளா? அல்லர். ஒருவன், படகில் ஆள் குறைந்தமையால் தந்தையுடன் கடலுக்குச் சென்றவன். ஒருத்தி, தாய் விடியுமுன் மீன்கூடையுடன் சந்தைக்குப் போக, தம்பி தங்கையரைக் காத்தவள். ஏனை இருவரும், வீட்டில் முதன்முதல் ஏடெடுத்தவர்கள். பணமுள்ளோர் தம் மக்களை வேனில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பிவிட, எஞ்சியோரையெல்லாம் ஏற்றுக்கொள்வது அரசாங்கப் பள்ளியேயாம். வடிகட்டிய நீரையும் ஆற்று நீரையும் ஒரே குவளையில் வைத்து நிறம் பார்த்தல் நியாயமாகுமோ?

நிற்க. ஆசிரியராகிய எம்மேற் குறையில்லை என்று சொல்லேன். வெண்பாவைத் தளை தட்டாமல் எழுதக் கற்ற மாணாக்கன் ஒருவன் மாசி மாதத்தில் வராதொழிந்தான். யான் வருகைப் பதிவேட்டிற் குறியிட்டேனேயன்றி, அவன் வீட்டு வாயிலை மிதித்தேனல்லேன். சில ஆண்டு கழித்து மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்து வந்தவன், அதனை இறக்கி வைத்து, "ஐயா" என்று கைகூப்பினான். அவ்வணக்கம் இன்றும் என் நெஞ்சைச் சுடுகின்றது.

இப்பொழுது சுமை மிகுந்துள்ளது. 2024-25ஆம் கல்வியாண்டு முதல் புதுவை, காரைக்கால் அரசாங்கப் பள்ளிகளின் பத்தாம் வகுப்பு மத்தியக் கல்வி வாரியத்தின்கீழ் வந்துவிட்டது. வீட்டில் தமிழன்றி வேறறியாத பிள்ளை அறிவியலை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருக்கிறது. தேர்வோ மாசி, பங்குனியில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அதற்குமுன் நாலு காசு சேர்க்க ஒவ்வொரு கையும் படகிற்கு வேண்டியிருப்பதும் அவ்வமயமே. தேர்வும் தொழிலும் முட்டிக்கொள்ளும் இடம் இதுவேயாம்.

ஆனால் பயனும் உண்டு. அரசாங்கப் பள்ளிகளிற் பயின்றோர்க்குப் புதுவை மாநிலத்தில் மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2023இல் வந்தது. அருகிலுள்ள பள்ளியை வெறுத்துக் கடன்பட்டு வேறிடம் சேர்ப்போர் இதனைச் சிந்திப்பாராக. பிள்ளைகள் குறையக் குறைய, நம் பள்ளியை வேறொன்றோடு இணைத்துவிடுவார் என்பதனையும் எண்ணுவாராக.

பெரியோர்களே! எந்நாள் கடலுக்குப் போகலாகாது என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் ஒரு படகும் இறங்குவதில்லை. அச்சொல்லைப் பிள்ளைகளுக்காகச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாத பிள்ளையை எந்தப் படகும் ஏற்றலாகாது என்று கட்டுப்பாடு செய்யுங்கள். மாசி, பங்குனி மாலைகளில் ஊர்ப் பொதுக்கூடத்தில் விளக்கேற்றுங்கள், கல்லூரி சென்ற நம் இளைஞர் கற்பிக்கட்டும், யானும் வருவேன். தடைக்காலத்தில் வீட்டிலிருக்கும் தந்தையர் ஒருமுறையேனும் பள்ளி வந்து ஆசிரியரைக் காண்க.

தாய்மார்களே! காரைக்காலின் பெயரைத் தமிழுலகில் நிலைநாட்டியவர் பாடல் இயற்றிய ஒரு பெண்மணியே. அம்மையார் ஊரிற் பிறந்த பெண்ணை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தாதீர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று அலை நம் மேட்டையும் கிளிஞ்சல்மேட்டையும் வாரிச் சென்றபோது பள்ளிச் சிறுவராயிருந்தோர் இன்று பெற்றோராய் இங்கு அமர்ந்திருக்கின்றனர். படகும் வலையும் போயின, மீண்டும் வாங்கினோம். பிள்ளை இழந்த பள்ளிப் பருவத்தை எந்தக் கடையில் வாங்குவோம்?