மறுத்தலும் ஒரு மதம்

'மதம்' என்றவுடன் நாம் சமயத்தையே எண்ணுகிறோம். நன்னூலோ அச்சொல்லைக் கொள்கை என்னும் பொருளில் ஆண்டு, நூலாசிரியர்க்கு எழுவகை மதம் வகுக்கின்றது. பிறர் கொள்கையை முதலில் ஏற்று, பின்னர்க் களைதல் அவற்றுள் ஒன்று. சமணர் வகுத்த நெறி. கிறித்தவராகிய எமக்கும் உதவுகின்றது. இணையத்தில் மறுப்பெழுதுமுன், எதிர்வாதியின் கருத்தை அவரே ஒப்புமாறு ஒரு வரியில் எழுதிப் பார்க்கிறோம். பல மறுப்புகள் அங்கேயே உதிர்ந்துவிடுகின்றன.

2005இல் சிங்கப்பூர் அரசு சூதாட்டக் கூடங்களுக்கு இசைந்தபோது பல சமயத்தாரும் மறுத்துரைத்தனர். 'எம் வேதத்திற்கு ஒவ்வாது' என்பது சபைக்குள் செல்லும். அண்டைவீட்டாரிடமோ, வேலைவாய்ப்பு பெருகும் என்னும் வாதத்தையும் எடைபோட்டு, கடனில் சிதையும் குடும்பத்தைக் காட்டவேண்டும். கூடங்கள் வந்தன. குடிமக்களுக்கு 100 வெள்ளி நுழைவுத் தீர்வையும், சூதாடியைத் தடுக்கக் குடும்பத்தார் விண்ணப்பிக்கும் வழியும் உடன்வந்தன.