கூடாரம் அடிக்கும் முன்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்வாண்டு நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், மோட்டார் சைக்கிளில் சென்று காட்டிலே கூடாரம் அடித்துத் தங்குதல் என்பது. தமிழ்ச் சங்க மேடைக்கு இது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். நம் காலனியில் இன்று வீட்டுக்கு வீடு நடந்துவரும் வழக்கு இதுவே ஆதலால், பொருந்தும் என்றே எண்ணினோம். மகன் வண்டியின் பின்னே கூடாரத்தைக் கட்டுகிறான். தாய் சாவியை ஒளித்து வைக்கிறாள். தந்தையோ இரு பக்கமும் பேச இயலாமல் பத்திரிகையால் முகத்தை மறைத்துக் கொள்கிறார். இந்த வழக்கைச் சிறிது ஆராய்வோம்.

எலப்புள்ளியில் நின்று வடக்கே நோக்கினால் மலம்புழை, வாளையாறு மலைகள். தெற்கே நோக்கினால் தென்மலை, நெல்லியாம்பதி மலைகள். நடுவே பாலக்காட்டுக் கணவாயின் காற்று, பனைகள், வயல்கள். இரு மருங்கும் மலை நின்று அழைக்கும்போது, இருபது வயது இளைஞனுக்குப் போகும் ஆசை எழாவிட்டாலன்றோ நாம் கவலைப்பட வேண்டும்? ஆசை குற்றமன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழி காட்டும் நூல். அது அருவியையும் தினையையும் மட்டும் சொல்லவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், யானையை விரட்டக் கானவர் எறியும் கவண்கல் ஆகியவற்றையும் சொல்லி எச்சரிக்கிறது. இருட்டியபின் நடவாமல் குகையில் தங்கிச் செல்லுமாறு அறிவுறுத்துகிறது. ஆகவே மலைக்குப் போவதும் தமிழ் மரபு. அறிந்து போவதும் தமிழ் மரபு.

இக்காலக் கூடாரப் பழக்கம் மேனாட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்பவரும் நண்பர்களும் 1901-இல் சைக்கிளில் சென்று கூடாரம் அடிப்போர்க்கென ஒரு சங்கம் கண்டனர். ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் தம் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்ததும் அதே ஆண்டில்தான். அப்பெயர் கொண்ட வண்டி 1955 முதல் நம் சென்னையிலேயே உருவாகத் தொடங்கியது. இன்று இரண்டும் ஒன்றுகூடி நம் காலனி வாசலில் நிற்கின்றன.

இனி வழக்கின் முக்கியமான கேள்விக்கு வருவோம். “காடு பொதுச் சொத்துத்தானே, அங்கே தங்க எவரிடம் கேட்க வேண்டும்?” என்பது இளைஞர் வாதம். அமெரிக்காவின் தேசியக் காடுகள் பலவற்றில், வசதி ஏதுமற்ற இடத்திலும் பெரும்பாலும் 14 நாள் வரை கூடாரமிட்டுத் தங்கலாம். நார்வே நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் விலகி, இரண்டு இரவு வரை எவரும் தங்கலாம். இவற்றைப் படித்தோர் இங்கும் அப்படியே என்று கருதிவிடுகின்றனர். ஆனால் அந்த நார்வேயிலும் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டருகே தீ மூட்டுவதற்குப் பொதுத் தடை உண்டு. மோட்டார் வண்டியைக் காட்டுக்குள் மனம்போல் ஓட்டவும் உரிமை இல்லை. மேலும் அங்கே காட்டு யானை கிடையாது.

நம் நாட்டிலோ, சரணாலயத்துள் நுழைவதற்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கேரளத்தின் ஒதுக்குக் காடுகளில் அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் 1961-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றமாகும். பொது நிலம் என்றால் கேட்பாரற்ற நிலம் என்று பொருளன்று. அங்கே வாழும் பழங்குடியினர்க்கும், விலங்குகளுக்கும், இனிப் பிறக்கவிருக்கும் நம் பேரப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதே பொருள்.

2022 பிப்ரவரியில் மலம்புழையை அடுத்த சேராடு மலையில் ஓர் இளைஞர் வழுக்கி விழுந்து, பாறைப் பிளவில் இரண்டு இரவுகள் சிக்கிக் கிடந்ததை நாம் அறிவோம். வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவ வீரர்கள் வந்தே அவரை மீட்டனர். அந்த இரண்டு நாளும் நம் காலனித் தாய்மார் சோறு உண்ண மனமின்றித் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் புல்வெளித் தீயில் அகப்பட்டு 20-க்கும் மேற்பட்ட மலையேற்றத்தார் மாண்டனர். தை முதல் சித்திரை வரை நம் மலைகளின் புல்லும் சருகும் வெடிமருந்துக்கு ஒப்பானவை. குளிர் காய மூட்டிய சிறு நெருப்பு, காற்று திரும்பினால் மூட்டியவனையே தேடி வரும்.

யானையைப் பற்றி, நம்மில் இருப்புப்பாதைப் பணியில் உள்ளோர்க்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே 3 யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்டன. தண்டவாளத்தில் செல்லும் வண்டிக்கே இரவில் காட்டு வழி இத்துணைத் தொல்லை என்றால், இரண்டு சக்கரத்தில் செல்வோர் நிலை என்னாகும்?

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். ஆனால் வனத்துறையார் தங்க இடம் கொடுத்துள்ள இடத்துக்கே போக வேண்டும்.

அமைதிப் பள்ளத்தாக்குக்குச் செல்வோர் மண்ணார்க்காட்டைக் கடந்து முக்காலியிலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும். அப்பால் வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியே செல்லும். பறம்பிக்குளம் நம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டில்தான் செல்கிறது. சேத்துமடைச் சாவடிக்கு அப்பால் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. எனவே பேருந்தில் செல்க. ஆனைப்பாடியில் வனத்துறையாரே அமைத்த கூடாரங்கள் உண்டு. இந்தக் காட்டுக்கு நம்மைப் போன்றோரிடம் ஒரு பழங்கணக்கும் இருக்கிறது. கொச்சி சமஸ்தானத்தார் அமைத்த டிராம்வே 1907 முதல் பல பத்தாண்டுகள் இங்கிருந்து தேக்கு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கியது. நம் பாட்டன்மார் காலம் அவ்வளவு எடுத்துக்கொண்டது. நாமாவது ஒன்றும் எடுக்காமல், ஒன்றும் எறியாமல் திரும்புவோமாக.

மோட்டார் சைக்கிளிலேயே செல்ல விரும்புவோர்க்கு ஏற்றது இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு செல்லும் நெடுஞ்சாலை அச்சரணாலயத்தின் ஊடே போகிறது. மழை மறைவுப் பகுதியாதலால் முட்செடியும் வறண்ட காடும் மிகுதி. சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் அங்கே உண்டு. முன்பதிவு செய்துகொண்டால், வண்டியை விட்டுவிட்டு வழிகாட்டியுடன் நடந்து சென்று காட்டினுள் மரக்குடிலில் தங்கலாம். உடன் வரும் பழங்குடி வழிகாட்டிக்குக் காற்றில் வரும் மணமே செய்தித்தாள். அவர் நில் என்றால் நிற்க வேண்டும்.

புறப்படுவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. பொதி தாழ்வாகவும் இரு பக்கமும் சமமாகவும் இருக்கட்டும். உயரக் கட்டிய மூட்டை கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கும். தலைக்கவசம், உரிமம், வண்டியின் பத்திரங்கள் மறவற்க. புளியோதரை கட்டிச் சென்றால் அடுப்பு மூட்டும் வேலையே இல்லை. வாழைப்பழம், பலாப்பழம், வெல்லம், உப்பு இவற்றைக் கூடாரத்துள் வைக்கலாகாது. யானைக்கு அவை அழைப்பிதழ். கதிரவன் சாயுமுன் தங்குமிடம் சேர்க. வழியில் யானை நின்றால் தொலைவிலேயே நிற்க; ஹாரன் அடிக்கவோ விளக்கைப் பாய்ச்சவோ வேண்டாம். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துச் செல்க. காட்டில் தொலைபேசி பல இடங்களில் பேசாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். சாவியை ஒளித்து வைத்தால் பிள்ளை நண்பனின் வண்டியில் போவான். அப்பொழுது எங்கே போனான் என்பதும் தெரியாமற் போகும். அனுமதிச் சீட்டைக் காட்டு என்று கேளுங்கள். காட்டினால் மகிழ்ந்து அனுப்புங்கள். பெண் மக்கள் கேட்டாலும் விடை அதுவே.

நம் சங்கத்தார் ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்து தீக்காலம் தொடங்குமுன், வனத்துறையில் முறைப்படி பதிவு செய்து இளைஞரை மூத்தோர் இருவர் துணையுடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது நம் வேண்டுகோள். செயலாளர் அவர்கள் இதனைச் செயற்குழுவின் முன் வைப்பாராக. மூத்தோர் இருவர் என்ற இடத்தில் ஒரு பெயரை இப்பொழுதே எழுதிக்கொள்ளலாம். முதுகுவலி தைலத்துடன் நாம் தயார்.