சும்மா நிற்கும் கணினிக்கும் ஒரு வேலை

(பெற்றோர் – மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





பிள்ளைகளும் கணினி விளையாட்டும் என்று பேச்சை எடுத்தால் நம் வீடுகளில் ஒரு வழக்கு ஓடும். "விடிய விடிய அதிலேயே கிடக்கிறான்" என்று உம்மா சொல்வார். "நான் படிக்கவே இல்லையா?" என்று மகன் கேட்பான். அந்த வழக்கைத் தீர்த்து வைக்க நான் வரவில்லை. விளையாட்டுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. இன்று பேச வந்தது அந்தக் கணினியைப் பற்றி. பிள்ளை அதை விட்டு எழுந்த பிறகு அது என்ன செய்கிறது? மின்விசிறி சுற்றும், விளக்கு மினுக்கும், அவ்வளவுதான்.

வளைகுடாவில் வெயிலில் நின்று வாப்பா அனுப்பிய காசில் வாங்கிய பெட்டி அது. அதற்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் பெட்டியின் விலையில் பெரும்பங்கு அந்தக் கார்டின் விலைதான். அது எதற்கு என்று பிள்ளையிடம் கேட்டால், "படம் தெளிவாகத் தெரியும் அத்தா" என்பான். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

நம்ம கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். பண்டாரி ஒருவர். எந்த வேலையையும் செய்யத் தெரிந்தவர், முடிவெடுப்பவர். ஆனால் ஐம்பது கிலோ வெங்காயத்தை அவரே உரித்தால் விடிந்துவிடும். ஐம்பது பேர் சுற்றி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடியும். கணினியின் பிராசசர் அந்தப் பண்டாரி. கிராபிக்ஸ் கார்டு அந்த ஐம்பது பேர். ஐம்பது என்ன, ஆயிரக்கணக்கானோர். திரையில் உள்ள லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே மாதிரியான சிறு கணக்கை ஒரே நேரத்தில் போட்டுத் தள்ளுவதுதான் அதன் தொழில். அறிவியலில் சில பெரிய கேள்விகளுக்கும் தேவைப்படுவது அதே மாதிரியான கணக்குதான்.

அப்படி ஒரு கேள்வியைச் சொல்கிறேன். நம் உடம்பில் பெரும்பாலான வேலைகளைச் செய்வது புரதங்கள். முட்டையில் பருப்பில் இருக்கிறது என்கிறோமே, அந்தப் புரதம்தான். உடம்புக்குள் அதுவே பல்லாயிரம் வகைக் கருவிகளாக இருக்கிறது. ஒவ்வொன்றும் முதலில் நூல் போல உருவாகி, பிறகு தானாக மடிந்து, சுருண்டு, தனக்குரிய வடிவத்துக்கு வரும். வடிவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும். தப்பாக மடிந்த புரதங்கள் மூளையில் சேர்வது அல்சைமர் என்னும் மறதி நோயோடு தொடர்புடையது. தன் பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட நன்னியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். அந்த நோயின் பாரம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புரதம் எப்படி மடிகிறது, எப்படி அசைகிறது என்பதை நுண்ணோக்கியில் படம்பிடிக்க முடியாது. அவ்வளவு சிறியது, அவ்வளவு வேகமானது. அதனால் கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு அணுவையும் பக்கத்து அணுக்கள் எந்தப் பக்கம் இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று கணக்கிட்டு, ஒரு துளி நகர்த்தி, மறுபடி கணக்கிட்டு, மறுபடி நகர்த்துவார்கள். அந்தத் துளி எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை நூறு கோடியால் வகுத்து, வருவதை இன்னொரு ஐந்து லட்சத்தால் வகுத்தால் கிடைக்கும் நேரம். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் நடக்கும் அசைவைப் பார்க்க ஐம்பதாயிரம் கோடி தடவை இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஒரே கணினியை உட்கார வைத்தால் வருடக்கணக்கில் ஓடும்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே என்ற விஞ்ஞானியின் குழு இதற்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் ஃபோல்டிங் அட் ஹோம். 'வீட்டிலிருந்தே மடிப்பது' என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி இணையம் வழியே வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புவார்கள். கணினி ஓய்வாக இருக்கும்போது கணக்கை முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். அடுத்த பொட்டலம் வரும்.

இதில் ஒரு சிக்கலை அவர்கள் அவிழ்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வெங்காயத்தைப் பங்கு போடலாம். தம் போட்ட சட்டியை நூறு பேர் சேர்ந்து சீக்கிரம் இறக்க முடியுமா? அசைவு என்பது ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது, அதைப் பங்கு போட முடியாதே என்று கேட்கலாம். அவர்கள், ஒரே நீண்ட பயணத்தைக் கணக்கிடாமல், வெவ்வேறு நிலைகளிலிருந்து தொடங்கும் ஆயிரக்கணக்கான சிறு பயணங்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். பிறகு எது எதோடு சேர்கிறது என்று பார்த்து ஒரு வரைபடமாகத் தைத்தார்கள். ஒரு ஊருக்குப் போகும் எல்லா வழியையும் ஒருவரே நடந்து பார்க்காமல், ஆளுக்கொரு தெரு நடந்து வந்து சேர்த்துச் சொல்வது போல.

விளையாட்டுப் பிள்ளைகள் இதில் பெருமளவில் நுழைந்தது 2007 மார்ச்சில். சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 3 கருவியில் இந்தத் திட்டத்தைச் சேர்த்தது. அதற்குள் இருந்த சில்லு அந்தக் காலத்துக்கு மிகச் சக்தி வாய்ந்தது. ஆறே மாதத்தில், செப்டம்பரில், இந்தக் கூட்டு வலை நொடிக்கு ஒரு பெட்டாஃபிளாப் வேகத்தைத் தாண்டியது. ஒன்றுக்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் அத்தனை கணக்கு. 2012 நவம்பரில் சோனி அந்தச் சேவையை நிறுத்தியபோது, அதுவரை பங்கெடுத்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேருக்கும் மேல். பந்து விளையாட்டும் துப்பாக்கி விளையாட்டும் ஆட வாங்கிய பெட்டிகள் அவை.

இனி 2020க்கு வருவோம். அந்த மார்ச் மாதம் நம்மில் யாருக்கும் மறக்காது. பள்ளிவாசல் கதவு மூடியது, மய்யித்துக்கு நாலு பேர் கூடத் தயங்கியது எல்லாம் கண்டவர்கள் நாம். அதுவரை இந்தத் திட்டத்தில் சுமார் 30,000 கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. கொரோனா கிருமியின் புரதங்களை ஆராயப் போகிறோம் என்று திட்டத்தின் தலைவர் கிரெக் போமன் அறிவித்தார். அவர் அப்போது செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா நிறுவனம், "விளையாடுகிறவர்களே, உங்கள் கார்டை இதற்குக் கொடுங்கள்" என்று அழைப்பு விட்டது. சில வாரங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் சேர்ந்தன. வந்த கூட்டத்துக்குக் கொடுக்கப் பொட்டலம் போதவில்லை! தர்மம் செய்ய வந்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். பிறகு பெரிய நிறுவனங்கள் சர்வர்கள் கொடுத்து உதவிய பின்தான் நிலைமை சீரானது.

நம் நாட்டில் ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில் இந்த வலை ஒரு எக்ஸாஃபிளாப் வேகத்தைத் தாண்டியது. ஒன்றுக்குப் பின் 18 பூஜ்யம். ஏப்ரல் மாதம் அதன் இரண்டு மடங்கையும் கடந்தது. தனி ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் அந்த எல்லையைத் தொட்டது 2022இல்தான். அமெரிக்க அரசின் 'ஃபிரான்டியர்' அது. அரசாங்கம் தனிக் கட்டடம் கட்டி எட்டிய இடத்தை, படுக்கையறை மேசைகளில் இருந்த பெட்டிகள் இரண்டு வருடம் முன்பே எட்டிவிட்டன.

சரி, கிடைத்தது என்ன? இதை ஊதிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அத்தனை பேரும் அத்தனை நாளும் ஓட்டிக் கிடைத்தது, அந்தக் கிருமியின் புரதங்களின் அசைவில் மொத்தம் 0.1 நொடி. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பங்கு! ஆனால் அதில் இரண்டு விஷயம் தெரிந்தது. கிருமியின் மேலுள்ள முள் போன்ற புரதம், நம் செல்லைப் பிடிக்க எவ்வளவு அகலமாக வாய் திறக்கிறது என்பது ஒன்று. ஆய்வகப் படங்களில் கண்டதைவிட அது மிக அகலம். இரண்டாவது, அசையும்போது மட்டும் திறந்து மூடும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மறைவான குழிகள். மருந்து போய் உட்காரத் தோதான இடங்கள் அவை. 2021இல் 'நேச்சர் கெமிஸ்ட்ரி' இதழில் இது வெளிவந்தது.

இன்னொரு முயற்சி 'கோவிட் மூன்ஷாட்'. கிருமி பெருகத் தேவையான ஒரு நொதியை முடக்கும் மருந்துக்கு, உலகின் பல பக்கமிருந்தும் வேதியியலாளர்கள் யோசனை அனுப்பினார்கள். எந்த மூலக்கூறு நன்றாக ஒட்டும் என்று முன்கூட்டியே கணக்கிட இந்த வீட்டுக் கணினிகளும் உதவின. காப்புரிமை போட்டுப் பூட்டாமல் விவரம் அனைத்தையும் திறந்து வைத்தார்கள். 2023இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி, யாரும் வாளி போடலாம். அந்தக் குழுவே உருவாக்கிய மூலக்கூறு எதுவும் மாத்திரையாக மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை. இப்படிப்பட்ட வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

ஒன்றுமே கிடைக்காமல் முடிந்ததும் உண்டு. 1999 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய செட்டி அட் ஹோம், வேற்றுலகிலிருந்து செய்தி ஏதும் வருகிறதா என்று வானொலி அலைகளை அலசியது. லட்சக்கணக்கானோர் கணினி கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் பொட்டலம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு 'ஹலோ' கூட வரவில்லை. ஆனால் அந்தக் குழு உருவாக்கிய பாய்ங்க் என்ற மென்பொருள்தான் பிறகு இப்படிப்பட்ட பல திட்டங்களுக்கு அடித்தளம். அதில் ஓடும் ஐன்ஸ்டைன் அட் ஹோமில், 2010இல், அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியும் ஜெர்மனியின் மைன்ட்ஸ் நகரில் ஒருவரும் கொடுத்த கணினிகள் இதற்கு முன் யாரும் அறியாத ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தன. பல்சார் வகை.

"இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடாதா?" என்று முன்பே ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதே பரிசில் பங்கு பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகம் ரொசெட்டா அட் ஹோம் என்று 2005 முதல் வீட்டுக் கணினிகளை நம்பியது. ஏஐ தருவது பெரும்பாலும் நின்ற நிலைப் புகைப்படம். புரதம் எப்படி அசைகிறது, எப்போது வாய் திறக்கிறது என்பது இன்னும் அணு அணுவாகக் கணக்குப் போட வேண்டிய வேலைதான்.

இனி வீட்டு விஷயம். பெற்றோர் கவனமாகக் கேளுங்கள்.

இது இலவசம் இல்லை. "சும்மா கிடக்கும் சக்தி" என்று சொல்வார்கள். கணக்குப் போட ஆரம்பித்தால் கணினி சும்மா இருக்காது, கரண்ட் குடிக்கும். 300 வாட் இழுக்கும் பெட்டி நாளைக்கு 4 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாளைக்கு 72 யூனிட். இரவும் பகலும் ஓட்டினால் 432 யூனிட்! அடுத்த படிக்கு ஏறி, யூனிட் விலையே கூடிவிடும். மாதக் கடைசியில் கையைக் கடிக்கிற குடும்பம் இதைச் செய்யத் தேவையே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கக் காசு வேண்டும் என்றால் அது முந்தி. வசதி இருப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாள், ஆளுக்கு ஏற்ற அளவு ஓட்டலாம். மென்பொருளில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. லேப்டாப்பில் வேண்டாம், சூடாகி ஆயுள் குறையும். கோடையில் பகலில் வேண்டாம், அறையே அடுப்பாகிவிடும்.

தம்பிகளுக்கு ஒன்று. பில் கட்டுகிறவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பள்ளிக்கூட லேபிலோ, கம்பெனி கொடுத்த கணினியிலோ யாரையும் கேட்காமல் போடாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கணினி ஊழியர், இதுபோன்ற ஒரு பொதுத் திட்டத்தின் மென்பொருளைக் கல்லூரிக் கணினிகளில் போட்டுவிட்டார். வழக்காகி, சிறைப் பேச்சு வரைக்கும் போய், கடைசியில் 2002இல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார். நல்ல எண்ணம்தான்; ஆனால் பொருள் அடுத்தவருடைய அமானிதம்.

திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2020 மார்ச்சிலேயே ஃபோல்டிங் அட் ஹோம் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, கடவுச்சொல் திருடும் நிரலை இறக்க வைத்தார்கள். உண்மையான திட்டம் உங்களிடம் பணமோ ஓடிபியோ கேட்காது.

புள்ளிகள் தருவார்கள், அணிகள் உண்டு, உலகப் பட்டியல் உண்டு. பட்டியலில் மேலே வர வேண்டும் என்றே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவரவர் எண்ணம் அவரவருக்கு. அவர்களுடைய கணினி போட்டுக் கொடுத்த கணக்கும் சரியான கணக்குதான், அதுவும் அந்த வரைபடத்தில் ஒரு தெருவாகச் சேர்ந்துவிடும்.

மென்பொருளை எப்படிப் போடுவது, எந்த நோய்க்கான ஆய்வைத் தேர்ந்தெடுப்பது என்று மேசைக்குப் பக்கத்தில் உள்ள கணினியில் காட்டுகிறேன். பிள்ளைகள் பொறுங்கள், கரண்ட் பில் கட்டுகிறவர்கள் முதலில் வந்து கேட்கட்டும்.