எம்.பி.ஏ. படிக்கப் போகுமுன்

(சங்கத்தின் பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

கல்விக் குழுவில் இருக்கும் எங்களிடம் இந்தச் சில ஆண்டுகளாக அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை டிகிரி முடிச்சிட்டான், அடுத்து எம்.பி.ஏ.யில் சேர்த்துவிடலாமா?" என்பதுதான் அது. பெற்றோர்களும் கேட்கிறார்கள், பிள்ளைகளும் கேட்கிறார்கள். மாமனார் ஆகப்போகிறவர்களும் கேட்கிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கு எங்களுக்குத் தெரிந்த பதிலை இன்று சற்று விரிவாகச் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் ஒரு தம்பி எங்கள் மேசைக்கு வந்தார். பொறியியல் பட்டதாரி. படிப்பு முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "சூட்டோடு சூடாக எம்.பி.ஏ. முடித்துவிடுங்கள் தம்பி" என்று நாங்களே சொன்னோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை இங்கே நடத்திய ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வு இல்லை, வேலை அனுபவம் கேட்கவில்லை, பன்னிரண்டே மாதம். அத்தா ஊரில் இருந்த மனையை விற்றுப் பணம் கட்டினார். பட்டமும் கிடைத்தது. ஆனால் போன நேர்முகத் தேர்விலெல்லாம் ஒரே கேள்வி: "இதுவரை எதை நிர்வகித்திருக்கிறீர்கள்?" கடைசியில் எம்.பி.ஏ. இல்லாமலே கிடைத்திருக்கக்கூடிய வேலையில்தான் சேர்ந்தார். இன்று நன்றாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த மனை போனது போனதுதான். அந்த அறிவுரையைச் சொன்னவர்கள் நாங்கள்.

எம்.பி.ஏ. என்பது பி.ஏ., பி.எஸ்சி.க்கு அடுத்த வகுப்பு அல்ல. 1908ல் ஹார்வர்டில் தொடங்கிய இந்தப் படிப்பு, இன்று நல்ல பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்காகவே நடக்கிறது. வகுப்பில் பாதிப் பாடத்தை ஆசிரியர் நடத்துகிறார், மீதியைப் பக்கத்து நாற்காலிக்காரர் நடத்துகிறார் என்று படித்தவர்கள் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல நம்மிடமும் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

அதனால்தான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கின்றன. பட்டம் பெற்ற பிறகு பார்த்த முழுநேர வேலையாக அது இருக்க வேண்டும். தேசிய சேவையில் கழித்த இரண்டு ஆண்டுகளை இந்தக் கணக்கில் காட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். இரண்டு என்பது குறைந்த அளவுதான். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள்.

மற்றத் தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பட்டம் வேண்டும். எந்தத் துறையானாலும் சரி. ஜிமேட் அல்லது ஜிஆர்இ தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் இல்லையென்றால் டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டும். நம்மை வேலையில் பார்த்தவர்களின் பரிந்துரைக் கடிதம், சொந்தமாக எழுதிய கட்டுரைகள், கடைசியாக நேர்காணல்.

ஜிமேட் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது 2024 தொடக்கத்திலிருந்து முழுமையாக மாறிவிட்டது. இப்போது மூன்று பகுதிகள்: கணிதம், மொழித்திறன், தரவுகளைப் படித்து முடிவெடுத்தல். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணிதப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. மதிப்பெண் 205லிருந்து 805 வரை. "எங்க மச்சான் 700 எடுத்தார், நீ 645தான் எடுத்தியா?" என்று வீட்டில் யாரும் பிள்ளையைக் கேட்டுவிடாதீர்கள். பழைய தேர்வின் 700க்கு ஏறத்தாழ இணையானது புதிய தேர்வின் 645. மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆகவே படிப்புச் சூடு ஆறுமுன் தேர்வை எழுதி வைத்துக்கொண்டு, வேலைக்குப் போய், பிறகு விண்ணப்பிப்பது கெட்டிக்காரத்தனம். சூட்டோடு சூடாகச் செய்ய வேண்டியது இதைத்தான்.

இனி நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறோம். இன்றைய பேச்சில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நம்மில் பலர் கடை வைத்திருக்கிறோம். நாணய மாற்றுக் கடை, துணிக்கடை, உணவுக் கடை, மளிகை. பிள்ளைகள் பள்ளி நாளிலிருந்தே கல்லாவில் உட்கார்ந்தவர்கள். பட்டம் வாங்கிய பிறகும் பலர் அத்தாவின் கடையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, மத்திய சேமநிதி கட்டியதில்லை. "வேண்டியதைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்" என்பதுதான் சம்பளம். நாளை அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கும்போது, ஆறு ஆண்டு உழைப்பு காகிதத்தில் பூஜ்யமாக நிற்கிறது.

இது கற்பனை இல்லை. எங்களிடம் ஒரு தங்கை வந்தார். கணக்கியல் பட்டதாரி. லிட்டில் இந்தியாவில் குடும்பத்தின் நாணய மாற்றுக் கடையை ஆறு ஆண்டுகளாகப் பார்த்தவர். பகுதிநேர எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார். வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டோம். அத்தாவும் கூடவே வந்திருந்தார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எம் மகளுக்கு நான் சம்பளச் சீட்டு எழுதணுமா? நாளைக்கு அவளே எனக்கு முதலாளி" என்றார். அந்த வார்த்தையில் எவ்வளவு பாசம் இருந்தது என்பது எங்களுக்குப் புரிந்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப அது போதாதே.

பிறகு என்ன செய்தோம்? கடையைத் தனியார் நிறுவனமாகப் பதிந்திருந்தார்கள். அத்தாவைச் சம்மதிக்க வைத்து, முறையான பதவிப் பெயரும் மாதச் சம்பளமும் வைத்து, சேமநிதியும் கட்டச் செய்தோம். சம்பளத்துக்கு வேலை செய்வது சொந்த மகளே ஆனாலும் சேமநிதி கட்டத்தான் வேண்டும். பரிந்துரைக் கடிதம் அடுத்த தடை. அத்தா எழுதும் கடிதத்துக்கு எடை இருக்காது. கடையின் தணிக்கையாளர் ஒருவர், நெடுநாள் வாடிக்கையாளரான நிறுவன மேலாளர் ஒருவர் என்று இருவரைப் பிடித்தோம். இதற்கெல்லாம் முழுதாக ஓர் ஆண்டு போய்விட்டது.

ஆனால் கட்டுரை எழுதும்போது அந்தத் தங்கைக்குப் பஞ்சமே இல்லை. 2020 ஜனவரி 28ல் கட்டணச் சேவைகள் சட்டம் நடப்புக்கு வந்தது. நாணய மாற்று உரிமம் அந்தச் சட்டத்தின் கீழ் போனது. வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்ப்பது, பதிவுகளைப் பேணுவது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் கேட்பதையெல்லாம் பேரேட்டில் எழுதிச் சமாளிக்க முடியாமல், அந்தப் பெண்தான் கடையைக் கணினிக்கு மாற்றினார். சில வாரங்களில் கொவிட் பரவல் தீவிரமடைந்தது. ஏப்ரல் 7ல் அதிரடித் திட்டம் தொடங்கியது. சுற்றுப்பயணிகளே இல்லாத ஊரில் நாணய மாற்றுக் கடைக்கு என்ன வேலை? வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேசியது, இருந்த பல நாட்டு நோட்டுகளில் எதை வைத்துக்கொள்வது எதை விற்பது என்று முடிவெடுத்தது, பணியாளர் ஒருவரையும் வேலையைவிட்டு நிறுத்தாமல் பார்த்துக்கொண்டது எல்லாவற்றையும் எழுதினார். பெரிய நிறுவனங்களில் ஒரு துறையில் ஒரு மூலையைப் பார்த்தவர்கள் இப்படி எழுத முடியாது. இடம் கிடைத்தது. மாலை வகுப்பு. கடையை அடைக்கும் நேரத்தை மட்டும் அத்தா பார்த்துக்கொண்டார்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கடையில் வேலை செய்தால் இந்த மாதத்திலிருந்தே காகிதத்தில் செய்யுங்கள்.

எந்தப் பாதையில் போவது என்பது அடுத்த கேள்வி. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் முழுநேரப் படிப்பு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. அந்தக் காலம் முழுதும் சம்பளம் இருக்காது என்பதையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பகுதிநேரமாக மாலையிலும் வார இறுதியிலும் படித்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். பகலில் வேலை தொடரும். வேலையை மாற்றவே விரும்புபவர்களுக்கு முழுநேரம், இருக்கும் தொழிலை வளர்க்க நினைப்பவர்களுக்குப் பகுதிநேரம் என்பது எங்கள் கருத்து. புவன விஸ்தா பக்கம் 2000லிருந்து இயங்கும் இன்சியாட்டில் பத்தே மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் கட்டணம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. பத்து ஆண்டுக்கு மேல் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ. இருக்கிறது. நம் சங்கத்து நடுவயதுக்காரர்கள் சிலர் கூச்சப்படாமல் அதைப் பார்க்கலாம்.

அனுபவமே இல்லாத புதுப் பட்டதாரி என்ன செய்வது? அவர்களுக்கு வேறு முதுநிலைப் படிப்புகள் உண்டு. நிர்வாகவியல், நிதி, வணிகத் தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் பலவற்றுக்கு வேலை அனுபவம் கேட்பதில்லை. அன்று அந்தப் பொறியியல் தம்பிக்கு நாங்கள் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பட்டமே இல்லாமல் டிப்ளோமாவோடு கடைக்கு வந்துவிட்டவர்கள், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பட்டப்படிப்பிலிருந்து தொடங்கலாம். இஸ்லாமிய நிதித்துறையில் போக விரும்பினால் கோலாலம்பூரில் மலேசிய மத்திய வங்கி 2005ல் நிறுவிய இன்செய்ஃப் பக்கத்திலேயே இருக்கிறது.

பாடங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், செயல்பாட்டு நிர்வாகம், வியூகம், தலைமைத்துவம். பிறகு விருப்பப் பாடங்கள். அந்த விருப்பப் பாடங்களில்தான் நம் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்று எடுக்காமல், கடையில் எது இடிக்கிறதோ அதை எடுங்கள். துணிக்கடைக்காரருக்குக் கிடங்கில் தேங்கிய சரக்குதான் நோய் என்றால், செயல்பாட்டு நிர்வாகமும் நடைமுறை முதல் பற்றிய நிதிப்பாடமும் மருந்து. அண்ணன் தம்பிக்குள் கடை பிரிந்து போகும் வீடுகளுக்குக் குடும்பத் தொழில் பற்றிய பாடம் உண்டு. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் குடும்பத் தொழில்களுக்கெனத் தனி அமைப்பே இருக்கிறது. டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளிவாசலிலிருந்து பிராஸ் பசாவுக்கு நடந்தே போய்விடலாம்.

அந்தப் பள்ளிவாசல் கதையே ஒரு வணிகப் பாடம்தான். வழக்கறிஞர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கபூர், பழைய பள்ளிவாசலைச் சுற்றிக் கடைகளும் வீடுகளும் கட்டி வாடகைக்கு விட்டார். அந்த வருமானத்தைக் கொண்டுதான் 1907ல் புதிய பள்ளிவாசலின் கட்டுமானம் தொடங்கியது.

பணத்துக்கு வருவோம். உள்ளூரில் முழுநேர எம்.பி.ஏ. கட்டணம் எண்பதாயிரம் வெள்ளியைச் சுற்றியும் அதற்கு மேலும் போகிறது. வங்கியில் கல்விக் கடன் கிடைக்கும். ஆனால் வட்டி நமக்கு ஆகாது என்று பல குடும்பங்கள் அதோடு நின்றுவிடுகின்றன; பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் சீக்கிரம் நின்றுவிடுகின்றன. வட்டியைத் தவிர்க்க வழிகள் இருக்கின்றன. பகுதிநேரமாகச் சேர்ந்து பருவத்துக்குப் பருவம் சம்பளத்திலிருந்து கட்டுவது ஒன்று. முதலாளியிடம் கேட்பது ஒன்று. பெரும்பாலும் சில ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் கேட்பார்கள். பல்கலைக்கழகங்களின் சொந்த உபகாரச் சம்பளங்களுக்கு முதல் சுற்றிலேயே விண்ணப்பிப்பது நல்லது. 1982ல் தொடங்கிய மெண்டாக்கியில் வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டம் உண்டு. தகுதி விதிகளை நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்பத்துக்குள் கர்ழ் ஹசனாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தாலும் வாங்கினாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டதால் பேச்சு நின்றுபோன சகோதரர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

தனியார் பள்ளிகள் எல்லாமே மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பதிவு வேறு, தரச் சான்று வேறு. ஒரு பள்ளி சட்டப்படி பதிவு பெற்றிருக்கிறது என்பதால் அது கொடுக்கும் பட்டத்துக்கு அரசாங்கம் உத்தரவாதம் தருவதாக ஆகாது. பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது, அதன் சொந்த நாட்டில் அதற்கு என்ன மதிப்பு, ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா போன்ற அனைத்துலகச் சான்று ஏதாவது உண்டா, கட்டிய பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் உண்டா என்று கேளுங்கள். அங்கே படித்தவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். அனுபவமும் கேட்கவில்லை, தேர்வும் கேட்கவில்லை, இந்த வாரமே பணம் கட்டினால் தள்ளுபடி என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

கல்விக் குழுவின் மேசை இன்று மண்டபத்தின் பின்பக்கம், தேநீர் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இருந்தால் சம்பளச் சீட்டு, இவற்றின் நகலோடு வாருங்கள். நாங்கள் முன்பு சொன்ன அந்தத் தங்கையும் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். கடைக்காரப் பெற்றோர்கள் அவரிடமே பேசலாம். அவருடைய அத்தாவும் வந்திருக்கிறார். நியமனக் கடிதம் எப்படி எழுதுவது என்று அவரே மாதிரி ஒன்றை அச்சடித்து வைத்திருக்கிறார். மஃரிபுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.