ஆக்கிரமிப்பு: அதன் பொருளும் வடிவங்களும்

(சேத்துப்பட்டில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் மங்கலமாக ஏதேனும் பேசாமல் ‘ஆக்கிரமிப்பு’ என்று ஏன் தலைப்புக் கொடுத்தீர்கள் எனச் செயலாளர் கேட்டார். வட்டாட்சியர் அலுவலகத்தில், ஏரிப் புறம்போக்கை வளைத்துக்கொள்வதற்கு இப்பெயர். பிறருக்குத் தீங்கு விளைவிக்கும் நோக்குடன் நிகழும் நடத்தைக்கும் உளவியலார் இச்சொல்லையே ஆளுகின்றனர். பொருத்தமே எனத் தோன்றுகிறது. நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு, மனிதனுக்கும் உண்டு. அவன் உடல், அவன் பெயர், அவன் உழைப்பின் கூலி, அவன் பருகும் நீர் ஆகியவற்றின் எல்லையைக் கடந்து வந்து கைவைப்பதே ஆக்கிரமிப்பு.

மனிதன் பிறவியிலேயே சண்டைக்காரன், ‘போரூக்கம்’ அவனோடு பிறந்தது என்றார் மக்டூகல். 1908இல் வெளிவந்த அவரது சமூக உளவியல் நூலை நாம் பி.எட். பயின்ற காலத்திலும் பாடமாகக் கேட்டோம். அக்கருத்து முழுமையானதன்று. 1939இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டாலர்டும் அவர்தம் தோழர்களும், இலக்கை அடையவிடாமல் தடுக்கப்படுவோரிடம் சினம் பிறக்கிறது என்று காட்ட முயன்றனர். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே டாலர்டு, தென்மாநில ஊர் ஒன்றின் கறுப்பின மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். வெள்ளையர் மீது காட்ட இயலாத கோபம், அம்மக்களுக்குள்ளேயே ஒருவர்மேல் ஒருவராகப் பாய்வதை அவர் அதில் குறித்தார்.

அதைப் படித்தபோது நம் தெரு நினைவுக்கு வந்தது. கூலித் தறியில் நெய்கிறவர், சேலையில் குறை சொல்லிக் கூலியைக் குறைத்த முதலாளியிடம் வாய் திறவாமல் வீடு திரும்புகிறார். சோறு ஆறிவிட்டதென்று மனைவியை அடிக்கிறார். அதைக் கண்ட மகன் மறுநாள் பள்ளியில் தன்னினும் சிறியவனைத் தள்ளிவிடுகிறான். கோபம் பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது, ஐயா. முதலாளி செய்தது அநீதி என்பதால் மனைவியின் கன்னத்தில் விழுந்த அடி நீதியாகிவிடாது. இதைச் சொன்னால் நம்மவர் சிலர் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும்.

அடி கண்ணுக்குத் தெரியும். தெரியாத வடிவங்களே மிகுதி. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இளைஞர்கள் ஒருமுறை முழுமையாகப் படித்துப் பாருங்கள். நீரை அசுத்தப்படுத்துவது, குடியிருப்பில் கழிவைக் கொட்டுவது, பலர் காண இழிவுபடுத்துவது எல்லாம் அதில் குற்றம். சாதிப் பெயரைச் சொல்லிப் பலரறியத் திட்டுவதையும், சமூகப் புறக்கணிப்பையும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகச் சேர்த்தது. கை ஓங்காமலே ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஓட்டலாம் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளவே அத்தனை ஆண்டுகள் ஆயின.

இனி, உரிமை கேட்பதையும் ஆக்கிரமிப்பையும் ஒன்றாக்கிக் குழப்புவோர் பற்றி. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சௌதார் குளத்தில் இறங்கி நீர் பருகினார். நீர் பருகியதே அத்துமீறல் என்றனர். பருகியவர்களைத் தடியால் தாக்கினர். திருப்பித் தாக்கும் வலிமை இருந்தும் அண்ணல் தம் மக்களை அடக்கி நிறுத்தினார். வழக்கு நடந்தது. 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அக்குளத்து உரிமையை உறுதி செய்தது. அன்று அடக்கியதைக் கோழைத்தனம் என எவரேனும் சொல்வரா?

கீழ்வெண்மணியில் கேட்டது கூலி உயர்வு. 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரும் பெருநிலமும் உடையோர் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பர் என்று நம்புதல் அரிது என்னும் பொருள்பட அத்தீர்ப்பு அமைந்தது. வசதியுள்ளவனிடம் வன்மம் இராது என்ற எண்ணம் நீதிமன்றம் வரை சென்றது.

அத்தீர்ப்பைக் குறைகூறும் நாம், நம் கையையும் பார்க்க வேண்டும். பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் பிரம்பு நம்மிடமும் இருந்தது. நம் தெருப் பையன் ஒருவன் வகுப்புத் தோழனை அறைந்துவிட்டான். விசாரிக்காமல் அவன் கையில் நான்கு அடி கொடுத்தோம். அவன் அழவில்லை. “ஐயா, அவன் என் சாதியைச் சொன்னதற்கு எத்தனை அடி?” என்று கேட்டான். மறுமொழி சொல்ல நா எழவில்லை. நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்த அவன் தாய், “அறைந்தது தப்புத்தான் சார், அந்தப் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். இருவரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டோம். சொன்னவன் ஒப்புக்கொண்டான், அறைந்தவனும் ஒப்புக்கொண்டான்.

பிரம்படியை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பின்னர் தடை செய்தது. நாம் அதற்கு முன்பே அதைப் பரண்மேல் போட்டுவிட்டோம். இன்றும் நம் பள்ளியில் சண்டை நடந்தால், யார் அடித்தான் என்று எழுதுவதற்கு முன், யார் என்ன சொன்னான் என்றே பதிவேட்டில் எழுதச் செய்கிறோம்.