கடுப்பில்லாத கிருமி



நீர்க்கடுப்பு வந்தால் இளநீர் குடித்துப் பார்ப்போம். தீராவிட்டால் டாக்டரிடம் போவோம். ஆனால் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு எரிச்சலும் கடுப்பும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கிறது. ஒரு தொந்தரவும் இல்லாதபோது யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

மற்ற நேரத்தில் இதற்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. கர்ப்ப காலத்தில் அப்படி விட முடியாது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது. வளரும் கர்ப்பப்பை அவற்றை அழுத்துகிறது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி மேலே ஏறுகிறது. பெரும்பாலும் அது நம் குடலிலேயே இருக்கும் ஈ.கோலைதான். கவனிக்காமல் விட்டால், இப்படிக் கிருமி உள்ள கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 30 பேர் வரை சிறுநீரகத் தொற்றுக்கு ஆளாகலாம். அது வந்தால் குளிர்காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி. குறைப்பிரசவம் ஆகும் அபாயமும் உண்டு.

“செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் யூரின் டெஸ்ட் கொடுக்கிறேனே” என்பீர்கள். அதில் வழக்கமாகப் பார்ப்பது ஆல்புமினும் சர்க்கரையும். கிருமியை உறுதியாகக் காட்டுவது ‘யூரின் கல்ச்சர்’. சிறுநீரில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதால் ஓரிரு நாள் ஆகும். ஒரு மில்லிலிட்டரில் 1 லட்சம் கிருமிக்கு மேல் வளர்ந்தால் தொற்று என்று கொள்வார்கள். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் அதிலேயே தெரியும். முதல் செக்கப்பிலேயே இந்த டெஸ்டைப் பற்றி டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள்.

சாம்பிள் எடுப்பதிலும் கவனம் வேண்டும். கையைக் கழுவி, சிறுநீர் வரும் இடத்தை முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் சுத்தம் செய்யுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் தந்த டப்பாவில் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தைத் தொடாமல் மூடி உடனே கொடுத்துவிடுங்கள்.

தொற்று இருந்தால், கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான ஆன்டிபயாடிக்கை டாக்டர் தருவார். 7 நாள் மருந்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். “எனக்குத்தான் ஒன்றுமில்லையே” என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். ஆரம்பத்திலும் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லைதானே! மருந்து முடிந்தபின் மறுபடியும் கல்ச்சர் எடுத்தால்தான் கிருமி போய்விட்டதா என்று சொல்ல முடியும். இடையில் குளிர்காய்ச்சலோ விலா வலியோ வந்தால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.