பிள்ளை உடைமை அன்று
(தாம்பரத்தில் நடைபெற்ற மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் மணவிலக்கைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும். வந்தவாசி, திண்டிவனம் பகுதி ஊர்களை விட்டுச் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் குடியேறினோம். நம் மக்களோ கடல் கடந்தும் சென்றுவிட்டனர். ஊர்ப் பெரியோர் திண்ணையில் தீர்த்துவைத்த பிணக்குகள் இன்று குடும்பநல நீதிமன்றத்தின் வாயிலில் நிற்கின்றன. அங்கு நிலவும் நெறியை நாம் அறிந்திருத்தல் நலம்.

முதலில், நமக்குரிய சட்டம் எது? 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும் என்று அதன் இரண்டாம் பிரிவே கூறுகிறது. 2014இல் நாம் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டதைக் காரணம் காட்டி, இந்தூர்க் குடும்பநல நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சமணர் ஒருவரின் மணவிலக்கு மனுவை ஏற்க மறுத்தது. அடுத்த மாதமே மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. ஆகவே இதில் ஐயம் வேண்டா.

அடுத்து, பிள்ளை யாரிடம் வளர்வது? 1956ஆம் ஆண்டின் சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளர் என்றும், அவருக்குப் பின் தாய் என்றும் வகுத்தது. ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடமே இருக்கும் என்றும் கூறியது. தமிழ் கற்பித்த எனக்கு இங்கே ஒரு சொல் சுவையானது. அது ‘பின்’ என்பது. ‘தந்தை இறந்த பின்’ எனப் பொருள் கொண்டால், அவர் உயிரோடு இருக்கும்வரை தாயின் கையொப்பத்துக்கு மதிப்பில்லை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999இல் உச்சநீதிமன்றம் அச்சொல்லுக்குத் ‘தந்தை இல்லாதபோது’ எனப் பொருள் கண்டது. பிள்ளையின்பால் முற்றிலும் அக்கறையற்று இருப்பதும் இல்லாமையே என்றது. ஒரு சொல்லின் பொருள் எத்தனை தாய்மார்க்கு வழி திறந்தது பாருங்கள்!

ஆனால் தாய்க்கும் சரி, தந்தைக்கும் சரி, பிள்ளை உடைமை அன்று. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 1973இலேயே உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிள்ளைகள் பெற்றோரின் பொருள்களும் அல்லர், விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர்; அவர்களுடைய நலனே முதன்மையானது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இடம்பெயர்தலில்தான் இந்நெறி கடும் சோதனைக்கு உள்ளாகிறது. இங்கிலாந்திலிருந்து ஒரு தாய் தம் இரு பெண்மக்களுடன் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டார். அந்நாட்டு நீதிமன்றம் முன்னரே ஆணையிட்டிருந்ததால், பிள்ளைகள் அங்குத் திரும்பவேண்டும் என 2015இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் வேறொரு வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அப்பார்வையை ஏற்கவில்லை. வெளிநாட்டு ஆணை கருதத்தக்க ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலனே முடிவு செய்யும் என்றது. இதற்கு முன், 2010இல், ஆஸ்திரேலியாவில் வேலை பெற்ற தாய் மகனை உடன் அழைத்துச் செல்லவும் உச்சநீதிமன்றம் இசைந்தது; தந்தை மகனைக் காண்பதற்கும் வழிசெய்தது. பிள்ளை வளர வளர இத்தகைய ஆணைகள் மாற்றத்தக்கவை என்பதையும் சுட்டியது. எனவே முந்திக்கொண்டு பிள்ளையைத் தூக்கிச் சென்றவர் வென்றவர் ஆகார்.

சொத்துக்கு வருவோம். திருமணத்தில் பெண்ணுக்கு அளித்த நகையும் பொருளும் அவளுக்கே உரிய சீதனம். கணவர் வீட்டார் அதைத் தர மறுத்தால் குற்றவியல் வழக்கும் தொடுக்கலாம் என 1985இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. வீட்டில் உழைத்தவளுக்கு, கணவர் ஈட்டிய சொத்தில் பங்குண்டா? கணவர் சவூதி அரேபியாவில் பொருளீட்ட, மனைவி இங்கே இல்லத்தையும் பிள்ளைகளையும் காத்த ஒரு வழக்கில், 2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ‘உண்டு’ என்றார். இதற்கெனத் தனிச் சட்டம் இல்லையாயினும், இல்லாளின் உழைப்பை நீதிமன்றம் கணக்கில் கொள்ளத் தடையில்லை எனக் கூறி, சில சொத்துகளில் சம பங்கு அளித்தார்.

நீதிமன்றம் நகையைப் பங்கிடும், நிலத்தைப் பங்கிடும். பிள்ளையின் மனத்தைப் பங்கிட அதனால் இயலாது. ‘மிகுபொருள் விரும்பாமை’ நம் ஐந்து விரதங்களுள் ஒன்று. அது பொன்னுக்கும் மண்ணுக்கும் மட்டுமோ? ‘என் பிள்ளை, உனக்குக் காட்டமாட்டேன்’ என்பதும் ஒரு பற்றே அல்லவா?

தாத்தா பாட்டிமார்க்கு ஒன்று சொல்வேன். மகனோ மகளோ பிரிந்து நின்றால், பேரப்பிள்ளையின் காதில் எதிர்த்தரப்பைப் பற்றிய பழிச்சொல் விழாமல் காத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் நகையைக் கேட்கும் முன்னரே திருப்பிக் கொடுங்கள். கடவுச்சீட்டை ஒளித்துவைக்காதீர்கள். வார இறுதியில் பிள்ளையைக் காண வருபவரை வாசலில் நிறுத்தாது, உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுங்கள். கணவன் மனைவி என்னும் உறவு முறியலாம். தாய் தந்தை என்னும் உறவு முறிவதில்லை.